ஐந்தாவது துளை

அடையாறு காந்தி நகரில் எங்கள் ஆபீஸ் இரண்டாவது மாடியில் இருக்கிறது. கட்டடத்தின் லிஃப்ட் ரிப்பேர் என்றால் அன்றைக்கு நான் லீவு. என் இடது முழங்கால் அவ்வளவு மோசம். லிஃப்ட் செய்து விற்கிற கம்பெனிக்காரன் லிஃப்ட் ஓடவில்லை என்று லீவு போடுகிறானே என்று முதலாளி வெங்கடரமணன் தலையில் அடித்துக்கொள்வார். நான் போனை வைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் ஒன்றும் பயங்கரமான ஆள் இல்லை, மேடம். சாந்தோமில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே கல்யாணம் பண்ணிக்கொண்டு, அடையாறுக்கு வேலைக்குப் போய்வந்த சாதாரண ஆள். பெயர் வால்டர். அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட்.

நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "உங்க ஃபிட்டர் எப்படிப்பட்ட ஆள்னு நாலு வரி எழுதிக் குடுங்க, போதும்" என்றீர்கள். நாலு வரி போதாது. மாணிக்கவாசகத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என்னைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அதனால்தான் கூடுதலாகத் தாள் கேட்டேன்.

மயிலாப்பூரில் காமாக்ஷி மாமி வீட்டில் நாங்கள் பொருத்திய லிஃப்ட் விழுந்து மாமி இறந்துபோனார். பிரேக் தகட்டில் ஒரு துளையை மாணிக்கவாசகம் அரத்தால் அராவிப் பெரிதாக்கியிருந்தான், அதனால்தான் பிரேக் பிடிக்கவில்லை என்று அவனைக் கைது செய்திருக்கிறீர்கள். அவன் அராவியது உண்மைதான். ஆனால் விஷயம் அரத்தில் ஆரம்பிக்கவில்லை. அவனை நீங்கள் வெளியே விட வேண்டும். அதற்கு நான் சொல்வது உங்களுக்குப் புரிய வேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் வேலைக்குப் பெயர் செக்கர். மற்றவர்கள் போட்ட டிராயிங்கில் தப்பு கண்டுபிடித்து, சிவப்பு பென்சிலால் சுழித்துத் திருப்பிக் கொடுப்பது. இதையே செய்துகொண்டிருந்தால் புத்தி அப்படியே ஆகிவிடும். கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன்னால் எழுத்துப்பிழை பார்ப்பேன். உங்கள் அறையில் மாட்டியிருக்கும் போர்டுகூட இடது பக்கம் இறங்கியிருக்கிறது. சொல்லலாமா என்று பார்த்து, இருக்கிற நிலையில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

எந்த இரும்பும் கேட்ட அளவுக்கு அச்சாக வராது. மயிரிழை கூடும், மயிரிழை குறையும். எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று முன்கூட்டியே டிராயிங்கில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குத்தான் டாலரன்ஸ் என்று பெயர். அந்த எல்லைக்குள் இருந்தால் பட்டறைக்காரன் மேல் குற்றமில்லை.

ஒரு தகட்டில் வரிசையாக ஐந்து துளை போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகட்டின் ஓரத்திலிருந்து ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாகத் தூரம் சொல்லலாம். அல்லது முதல் துளையிலிருந்து இரண்டாவது, இரண்டாவதிலிருந்து மூன்றாவது என்று சங்கிலியாகச் சொல்லிக்கொண்டே போகலாம். தாளில் பார்க்க இரண்டும் ஒன்றுதான், கூட்டிப் பார்த்தால் கணக்கும் சரியாக வரும். ஆனால் சங்கிலியில் ஒவ்வொரு இடைவெளிக்கும் கொடுத்த சலுகை அடுத்ததன் தலையில் ஏறிக்கொண்டே போகும். சட்டைக்குப் பொத்தான் தைக்கிற டெய்லர் ஒவ்வொரு பொத்தானையும் முந்தின பொத்தானிலிருந்து கண்ணளவாக வைத்துக்கொண்டே போனால், கடைசிப் பொத்தான் காஜாவுக்கு நேராக வராது. எந்த இடத்திலும் அவர் பெரிய தப்பு பண்ணியிருக்க மாட்டார். இந்த மாதிரி டிராயிங் வந்தால் நான் தாள் கிழிகிற அளவுக்குச் சிவப்பு பென்சிலை அழுத்துவேன்.

டிராயிங் போட நிரஞ்சன் எங்களிடம் வந்த பிறகு அந்தப் பென்சிலுக்கு வேலை இல்லாமல் போனது. நல்ல பையன், நங்கநல்லூரிலிருந்து பைக்கில் வருவான். என்னை அங்கிள் என்று கூப்பிடுவான். ஆஞ்சநேயர் கோயில் பிரசாதம் என்று வடை கொண்டுவந்து, "நீங்க சாப்பிடுவேளா அங்கிள்?" என்று தயங்கித் தயங்கி நீட்டுவான். நான் ரசித்துத்தான் சாப்பிட்டேன். அவன் டிராயிங்கில் எனக்குத் தப்பு கிடைக்காது. அதுதான் தொந்தரவு.

புது சாஃப்ட்வேர் வந்தது. இனிமேல் தனியாக ஒரு செக்கர் தேவையில்லை என்று மீட்டிங்கில் அவன் சொன்னான். என்னை எதிரில் வைத்துக்கொண்டுதான் சொன்னான். மனதில் கல்மிஷம் இருந்தால் முதுகுக்குப் பின்னால் சொல்லியிருப்பான். "அங்கிளுக்கு ஈஸியா வேற வேலை குடுக்கலாம் சார். பாவம், கண்ணை இடுக்கிண்டு இடுக்கிண்டு பாக்கறார்." வெங்கடரமணன் தலையாட்டினார். நானும் சிரித்தபடி தலையாட்டினேன்.

புது வேலை என்னவென்றால், முடிந்த டிராயிங்குகளைப் பட்டறைக்கு அனுப்புவதற்கு முன்னால் எழுத்து, அம்புக்குறி எல்லாம் ஒழுங்காக அமைந்திருக்கிறதா என்று பார்த்து அழகுபடுத்துவது. டிராயிங்கின் மூலையில் வரைந்தவர், சரிபார்த்தவர் என்று கையெழுத்துக்கு இரண்டு கட்டம் இருக்கும். இரண்டாவது கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கம்பெனி லோகோவைப் பெரிதாக்கச் சொன்னார்கள். பெரிதாக்கியது நான்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. மற்றதைச் சொல்லவில்லை. அவமானமாக இருந்தது. கறிவேப்பிலையைத் தூக்கிப்போட்டால்கூட வாசனையாவது மிஞ்சும் என்று நினைத்துக்கொண்டேன்.

நவராத்திரிக்கு முன்னால் காமாக்ஷி மாமி வீட்டு வேலை வந்தது. மாமி பாட்டு வாத்தியார். மாடி ஹாலில்தான் வகுப்பு, கொலுவும் அங்கேதான். முட்டி தேய்ந்துபோய்ப் படியேற முடியாமல் இரண்டு வருஷமாகக் கீழேயே இருந்தார். அளவெடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். மாமிக்கும் எனக்கும் ஒரே வியாதி என்பதால் உடனே சிநேகமாகிவிட்டோம். எந்தத் தைலம், எந்த டாக்டர் என்று பேசிக்கொண்டிருந்தோம். "கொலுவுக்குள்ள முடிச்சுக் குடுத்துடுங்கோ. இந்த வருஷமாவது மாடிக்குப் போய் எம் பொம்மையை நானே அடுக்கணும்" என்றார்.

லிஃப்ட் கேபினின் கம்பிக்கயிறு என்றைக்காவது நழுவினால், இரண்டு பக்கமும் இருக்கிற ரெயிலைக் கவ்விப்பிடித்துக் கேபினை நிறுத்துவதற்கு ஒரு பிரேக் உண்டு. அந்தப் பிரேக்கைக் கேபினோடு இணைக்கும் தகட்டில் ஐந்து துளை. சிந்தாதிரிப்பேட்டைப் பட்டறைக்குப் போன டிராயிங்கில், அந்தத் துளைகளின் அளவு சங்கிலியாகப் போடப்பட்டிருந்தது. நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். செக்கர் வேண்டாம் என்றார்கள், நானும் செக் பண்ணவில்லை. தகடு வரும், பொருந்தாது, திருப்பி அனுப்புவார்கள், ஒரு நாள் வீணாகும், நிரஞ்சன் மூக்குடைபடுவான். வெங்கடரமணன் என் மேஜைக்கு வந்து, "வால்டர், நீங்க ஒரு தடவை பாத்திருந்தா..." என்று இழுப்பார். அந்த வாக்கியத்தைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அதற்கு மேல் நான் ஒன்றும் ஆசைப்படவில்லை.

ஆனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. பொருந்தாத சாமானைத் திருப்பி அனுப்புவதை ஃபிட்டர் கேவலமாக நினைப்பான். எப்படியாவது அட்ஜஸ்ட் பண்ணி உட்காரவைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். நாங்களும் அதற்குத்தான் முதுகில் தட்டிக்கொடுத்திருக்கிறோம். மாணிக்கவாசகத்தை அதிகமாகத் தட்டிக்கொடுத்தவன் நான். எது பொருந்தாவிட்டாலும் அவன் முதலில் எனக்குத்தான் போன் போடுவான். அன்றைக்கும் மாமி வீட்டிலிருந்து போட்டான்.

"சார், நாலு போல்ட்டு ஜம்முனு உக்காந்துச்சு. அஞ்சாவுது எகிறிக்கினு நிக்குது. இன்னா பண்றது?"

"டிராயிங் போட்டவரைக் கேளு மாணிக்கம். நான் இப்ப செக்கர் இல்லையே."

"அந்தத் தம்பி போன் எடுக்கல சார். இங்க மாமி வேற எப்போ முடியும், எப்போ முடியும்னு கேட்டுக்கினே கீறாங்க. அரத்தால லைட்டா ராவி உக்கார வெச்சிடவா? நீங்க சொன்னா சரி."

"உன் இஷ்டம்ப்பா" என்றேன். "உனக்குத் தெரியாததா."

இருபது வருஷமாக நான் அவனிடம் வாயைத் திறந்து சரி என்று சொன்னதே இல்லை. உனக்குத் தெரியாததா என்பேன். அது சரி என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மற்ற இடத்தில் அராவலாம், பிரேக்கில் கூடாது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அரத்தைக் கீழே வைத்திருப்பான். சொல்லவில்லை. அராவின துளை சோதனையில் அகப்படும், அப்போது நிரஞ்சனின் தப்பு இன்னும் பெரிதாகத் தெரியும் என்று கணக்குப் போட்டேன்.

சோதனையில் மணல் மூட்டை ஏற்றி நிறுத்தினார்கள். நின்றது. கயிற்றைத் தளரவிட்டுப் பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கும் சோதனையைக் கொலு முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று வெங்கடரமணன் தள்ளிப்போட்டார். அவருக்குத் துளை சமாச்சாரம் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியும்.

கொலுவுக்கு மாமி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். போனேன். பட்டுப்பாவாடை கட்டிய குட்டிப் பெண்கள் லிஃப்டை விளையாட்டுச் சாமான் ஆக்கிவிட்டார்கள், மேலே போவதும் கீழே வருவதுமாக ஒரே கும்மாளம். மாமியின் சிநேகிதிகள் ஒவ்வொருவராக வந்து, லிஃப்டில் ஏறும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாமி மாடியில் நாற்காலியில் உட்கார்ந்து, தானே அடுக்கிய பொம்மைகளைக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கடலைச் சுண்டல் கொடுத்தார்கள், இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டேன். நிரஞ்சனை மாமி தலையில் கைவைத்து ஆசீர்வாதம் பண்ணினார்.

பொம்மைகளையெல்லாம் எடுத்துவைத்த மறுநாள் காலை மாமி மாடியிலிருந்து தனியாக இறங்கினார். கயிற்றின் பிடி ஒரு பக்கம் நழுவியது. அது நடக்கக்கூடியதுதான், அதற்காகத்தான் பிரேக் என்று ஒன்றை வைக்கிறோம். பிரேக் கவ்வியது. கவ்விய வேகத்தில், அராவி நீண்டுபோன அந்த ஐந்தாவது துளைக்குள் போல்ட் சறுக்கி, தகட்டின் அந்த முனை இறங்கி, பிரேக் சாய்ந்துகொண்டது. ரெயிலில் கீறல் மட்டும்தான் விழுந்திருக்கிறது, நீங்களே படம் எடுத்து வைத்திருக்கிறீர்கள். மாமி ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தார். போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்தேன். தைலத்தின் பெயர் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன், அது சட்டைப் பையிலேயே இருந்தது.

மாமி போன மறுநாள் நிரஞ்சன் என் மேஜைக்கு வந்தான். முகம் பேய் அறைந்த மாதிரி இருந்தது. கையில் அந்த டிராயிங்.

"அங்கிள், நான் எப்பவும் எட்ஜ்லேர்ந்துதானே போடுவேன்? இதை எப்படி இப்படிப் போட்டேன்? எனக்குப் போட்ட ஞாபகமே இல்லையே. தூக்கக் கலக்கத்துல போட்டுட்டேனா?"

அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். "சில சமயம் கை தன்பாட்டுக்குப் போட்டுடும்ப்பா. யாருக்கும் நடக்கறதுதான். மனசைப் போட்டுக் குழப்பிக்காதே" என்றேன். என் கைக்குட்டையைக் கொடுத்தேன். அவன் அதில் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை என்று அவன் அம்மா போனில் சொன்னார்.

அவன் சொன்னது சரி, மேடம். அவன் ஓரத்திலிருந்துதான் அளவு போட்டிருந்தான். வழக்கம்போல ஒரு தப்பும் இல்லை. அழகுபடுத்துகிற வேலைக்கு என்னிடம் வந்தபோது, ஐந்து அளவையும் எடுத்துவிட்டு, நான் சங்கிலியாகப் போட்டேன். நிச்சயம் பொருந்தக்கூடாது என்பதற்காக ஒவ்வொன்றின் டாலரன்ஸையும் கொஞ்சம் தளர்த்தினேன். ஆபீசில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. வரைந்தவர் என்ற கட்டத்தில் அவன் பெயர் இருந்தது, சரிபார்த்தவர் என்ற கட்டமே இல்லை. பழையதை அழித்துவிட்டேன். வாழ்நாள் முழுக்க எதற்கு எதிராகச் சிவப்பு பென்சில் பிடித்தேனோ, அதை என் கையாலேயே, அம்புக்குறியெல்லாம் அழகாக அமைத்து, வரைந்து அனுப்பினேன்.

மாணிக்கவாசகத்தின் போனுக்கு ஏன் அப்படிப் பதில் சொன்னேன் என்று மேலே ஒரு காரணம் எழுதியிருக்கிறேன். அது பாதிதான். தகடு திரும்பி வந்தால் நிரஞ்சன் அந்த டிராயிங்கைத் திறந்து பார்ப்பான், தன் வேலை இல்லை என்று அப்போதே சொல்லிவிடுவான் என்பது போன் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதனால் தகடு திரும்பி வராமல் இருப்பது நல்லது என்று தோன்றியது. அந்த ஒரு நிமிஷத்தில் மாமியின் ஞாபகமே வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

மாணிக்கவாசகம் உள்ளே போன பிறகு அவன் மனைவி ஜானு சாந்தோமுக்கு வந்தாள். என் மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். ஜானு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, குடிக்காமல் பேசினாள்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா எடுபடும்னு சொல்றாரு சார். அன்னிக்கு உங்களுக்கு போன் போட்டத மட்டும் அவரு போலீஸ்ல சொல்லவேயில்ல. சாரு ரிட்டயர் ஆவப்போற நேரம், நல்ல மனுசன், அவர எதுக்கு இதுல இஸ்துக்கினுன்னுட்டாரு. நான்தான் கேக்காம ராவிட்டேன்னு எழுதிக் குட்த்துட்டாரு சார்."

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு பெரிய மூச்சு வந்தது. அது நிம்மதி, மேடம். அவள் என் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் செய்த எல்லாவற்றிலும் அந்த மூச்சை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. "பாக்கறேம்மா, கவலைப்படாதே" என்று சொல்லி அவளைப் பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்.

அப்போதும் நான் உங்களிடம் வரவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலாமா என்று யோசித்து, கோயில் வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். ஃபாதர் மன்னித்துவிடுவார், மாணிக்கவாசகம் உள்ளேயே இருப்பான். நீங்கள் கூப்பிட்ட பிறகுதான் வந்தேன். அதுவும் அவன் நல்லவன் என்று நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். நல்லவன் என்று முதல் வரி எழுதியதும் அடுத்த வரி ஓடவில்லை, அந்தத் தாளைக் கிழித்துப்போட்டேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். டிராயிங்கை மாற்றியது நான். அராவச் சொன்னதும் நான்தான். மாணிக்கவாசகம் கேட்டுவிட்டுத்தான் செய்தான், அவன் போனைப் பார்த்தால் தெரியும். நிரஞ்சனிடம் யாராவது உடனே போய் அவன் டிராயிங் சரியாக இருந்தது என்று சொல்லுங்கள். நான் சொன்னால் இனி நம்புவானா என்று தெரியவில்லை.

யாராவது சாவார்கள் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியாது. ஒரு தகடு பொருந்தாமல் போகும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆபத்து என்று ஒரு நொடி தோன்றியிருந்தாலும் மாமியிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். இதை நான் இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டுவந்தேன். நம்பவும் செய்தேன். மேலே எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன், பழக்கம். கொலு அன்றைக்கு நடந்த ஒன்றை விட்டிருக்கிறேன்.

அன்றைக்கு நான் மாடி ஹாலுக்குள் நுழைந்ததும் மாமி என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன வால்டர் சார், குழந்தேளெல்லாம் லிஃப்டுல ஏறிண்டு இறங்கிண்டு இருக்குகள். முட்டி வலிக்காரர், நீங்க மட்டும் இப்படி மூச்சு வாங்கிண்டு படியேறி வரேளே?"

டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்றேன். சுண்டல் சாப்பிட்டு முடித்ததும் மாமியே லிஃப்டின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வாங்கோ என்றார். நான் கும்பிட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன்.